டைம் பேஸ்: திரையில் ஒளி கிழிக்கும் காலக்கோடு

நான் வேலை பார்த்த ஆய்வகத்தின் அலமாரியில், 'திரையில் ஒன்றும் தெரியவில்லை' என்று சீட்டு ஒட்டிய ஸ்கோப் ஒன்று, அதாவது மின்னழுத்தம் மாறுவதைத் திரையில் கோடாக வரைந்து காட்டும் ஆசிலோஸ்கோப், இரண்டு பருவம் கிடந்தது. படக்குழாய் போய்விட்டது என்று முடிவு கட்டி ஒதுக்கியிருந்தார்கள். ஒரு மாலை அதை இறக்கித் தூசி தட்டி மின்சாரம் கொடுத்தேன். முகப்பின் வலப்பக்கத்தில் வரிசையாக நான்கு பொத்தான்கள். 'பி' என்ற பொத்தான் உள்ளே அழுந்தியிருந்தது. 'ஏ' பொத்தானை அழுத்தினேன். பச்சைக் கோடு திரையின் நடுவில் பளிச்சென்று வந்து நின்றது. குழாய்க்கு ஒரு குறையும் இல்லை. ஏ என்றால் என்ன, பி என்றால் என்ன என்பது அந்த அறையில் யாருக்கும் தெளிவாகச் சொல்லப்படவில்லை, அவ்வளவுதான்.

அந்த இரண்டு எழுத்துகளும் குறிப்பது 'டூயல் டைம் பேஸ்'. இதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்ற கேள்வி அன்றிலிருந்து என்னோடு இருக்கிறது. பெயரைச் சரியாகப் பிடித்தால் குமிழைச் சரியாகத் திருப்பலாம் என்று நம்புகிறவன் நான்.

முதலில் கருவியின் பெயர். ஆசிலோஸ்கோப்பின் முற்பாதி, ஊசலாடுவதைக் குறிக்கும் 'ஆஸ்கில்லாரே' என்ற இலத்தீன் வினையிலிருந்து வந்தது. அதற்கும் முந்தைய வேர் 'ஆஸ்கில்லும்', அதாவது சிறு முகம் என்று சொல்லாய்வாளர்கள் காட்டுகிறார்கள். ரோமானியர்கள் மரக்கிளையில் கட்டித் தொங்கவிட்ட தெய்வ முகமூடி அது. காற்றில் இப்படியும் அப்படியும் ஆடும். புதுவீட்டின் முன் கட்டிய திருஷ்டிப் பூசணி ஆடுவதைப் பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சி அந்நியமாக இருக்காது. பிற்பாதி, பார்ப்பதைக் குறிக்கும் கிரேக்கச் சொல். தமிழில் 'அலைநோக்கி' என்றும் எழுதுகிறார்கள், 'அலைவுகாட்டி' என்றும் எழுதுகிறார்கள். நான் இரண்டாவதன் பக்கம். தொலைநோக்கியில் நாம் கண்ணை வைத்து நோக்குகிறோம். இந்தக் கருவியோ திசைகாட்டியைப் போல நமக்குக் காட்டுகிறது. பாடநூலில் ஊசலின் இயக்கம் 'அலைவு', கடலிலும் கயிற்றிலும் பரவுவது 'அலை' என்ற வேறுபாடும் இதில் காப்பாற்றப்படுகிறது. கல்லூரியில் 'சிஆர்ஓ' (கேதோடு ரே ஆசிலோஸ்கோப்) என்றும் பழுதுபார்க்கும் மேசையில் 'ஸ்கோப்' என்றும்தான் சொல்வோம், அதுவும் இருக்கட்டும்.

இனி டைம் பேஸ். ஜெர்மன் இயற்பியலாளர் பிரவுன் 1897இல் தன் கதிர்க்குழாயைச் செய்தபோது, அதன் ஒளிப்புள்ளி மேலும் கீழும் மட்டுமே ஆடியது. மின்னழுத்தம் ஏறுவதும் இறங்குவதும் ஒரே செங்குத்துக் கோடாகத் தெரியும். எப்போது ஏறியது, எப்போது இறங்கியது என்று தெரியாது. அதைப் பிரித்துப் பார்க்க அவர் சுழலும் கண்ணாடி ஒன்றைத் திரைக்கு எதிரே வைத்தார். அவருடைய உதவியாளர் ஜெனெக் 1899இல் அந்தப் புள்ளியையே குழாய்க்குள் பக்கவாட்டில் சீராக நகர்த்த வழி செய்தார். புள்ளி இடமிருந்து வலமாக ஒரே வேகத்தில் போனால், போன தூரமே கழிந்த நேரம். அப்படி நேரத்தைத் தூரமாக்கும் கிடைக்கோடுதான் டைம் பேஸ். அதை வரையும் சுற்றுக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது.

'பேஸ்' என்ற சொல் என்னைப் பல நாள் பிடித்து வைத்திருந்தது. அதன் கிரேக்க மூலமான 'பாசிஸ்' முதலில் குறித்தது காலடி எடுத்து வைப்பதை. பிறகு காலூன்றும் இடத்தை. அதன் பிறகு ஒரு பொருளின் அடிப்பாகத்தை. நம் 'அடி' இதே பாதையில் நடந்த சொல். பாதமும் அடி, எட்டு வைப்பதும் அடி, மரத்தின் கீழ்ப்பகுதியும் அடி, நீள அளவும் அடி, செய்யுளின் வரியும் அடி. பொருளுக்குப் பொருள் இவ்வளவு நெருங்கிப் பொருந்தும் இணை எளிதில் அமையாது. ஆனால் புணர்ச்சி வழிவிடவில்லை. மரம், அடி இரண்டும் சேர்ந்து மரவடி ஆவது போல, காலம், அடி இரண்டும் சேர்ந்தால் 'காலவடி'. கேட்பவர் காதில் வடிகட்டுவதுதான் விழும். பிரிக்காமல் சுருக்கினால் 'காலடி', அது பாதம். 'கால அடிப்படை' என்று சில இடங்களில் பார்க்கிறேன். அது அகராதியில் இரண்டு சொல்லை எடுத்துப் பக்கத்தில் வைத்தது, திரையில் நடப்பது எதையும் சொல்லவில்லை. 'காலத்தளம்' ஓரளவு பரவாயில்லை. என்றாலும் தளம் என்றால் நீளமும் அகலமும் உள்ள பரப்பு. இங்கே இருப்பது ஒற்றைக் கோடு.

'பேஸ்லைன்' என்ற சொல்லில் உள்ள பேஸ்தான் இங்கும் உயிராக இருக்கிறது. 1802இல் நில அளவையாளர் லாம்டன் சென்னை பரங்கிமலைப் பக்கத்தில் ஏறக்குறைய ஏழரை மைல் நீளத்துக்கு ஒரு கோட்டைச் சங்கிலி வைத்து அளந்தார். பிறகு இந்தியத் துணைக்கண்டம் நெடுக விரிந்த முக்கோண நில அளவைக்கு அது தொடக்கமாக அமைந்தது. அந்த ஒரு கோட்டைத் துல்லியமாக அளந்துவிட்டால் மற்றவற்றை அதைக் கொண்டு கணக்கிடலாம். ஸ்கோப்பிலும் இதே ஏற்பாடுதான்: முதலில் வேகம் தெரிந்த கோடு, பிறகு அதன்மேல் அலை.

ஆகவே நான் வந்து நின்ற சொல் 'காலக்கோடு'. இது ஏற்கெனவே வேறொன்றுக்கு வழங்குகிறதே என்பார்கள். ஆம், தமிழ்நாட்டுப் பள்ளிச் சமூக அறிவியல் புத்தகத்தில் அது இருக்கிறது. கிடையாக ஒரு கோடு போட்டு, சம இடைவெளியில் ஆண்டுகளைக் குறித்து, நிகழ்ச்சிகளை அதன்மேல் எழுதுவது காலக்கோடு. அதற்காகவே இந்தச் சொல் வேண்டும் என்கிறேன். பிள்ளை நோட்டில் அளவுகோல் வைத்துப் போட்ட அதே கோட்டை இங்கே ஒளி போடுகிறது. ஒரு கட்டத்துக்கு நூறு ஆண்டு என்பதற்குப் பதில், திரையில் வரைந்திருக்கும் ஒரு கட்டத்துக்குப் பத்து மைக்ரோநொடி.

இரட்டைக் காலக்கோடு எதற்கு என்பதும் அந்த நோட்டிலிருந்தே விளங்கும். இரண்டாயிரம் ஆண்டை ஒரே கோட்டில் போட்டால், 1940 முதல் 1950 வரை நடந்ததெல்லாம் ஒரு நூலிழைக்குள் நெருங்கிவிடும். ஆசிரியர் என்ன செய்வார்? பெரிய கோட்டில் அந்தப் பத்தாண்டை மட்டும் வண்ணப் பென்சிலால் தடிப்பாக்கி, கீழே இன்னொரு கோடு போட்டு, அந்தப் பத்தாண்டை விரித்து எழுதச் சொல்வார். மேல்கோடு ஏ. கீழ்க்கோடு பி. தடிப்பாக்கிய பகுதிதான், ஸ்கோப்பில் 'ஏ இன்டென்சிஃபைடு' என்ற பொத்தானை அழுத்தும்போது கோட்டின் நடுவே கூடுதலாக ஒளிரும் துண்டு. 1960களின் நடுவில் வந்த டெக்ட்ரானிக்ஸ் 547 என்ற ஸ்கோப், இரண்டு கோடுகளையும் மாறி மாறி வரைந்து ஒரே திரையில் மேலும் கீழுமாகக் காட்டியது. அந்த நோட்டுப் பக்கம் அப்படியே.

'டூயல் ட்ரேஸ்' என்பதோடு இதைப் போட்டுக் குழப்பக் கூடாது. அது இரண்டு உள்ளீடுகளை இரண்டு தடங்களாகக் காட்டுவது, இருதடம் எனலாம். 'டூயல் பீம்' குழாய்க்குள் இரண்டு எலக்ட்ரான் கற்றை ஓடுவது; இருகற்றை. இரட்டைக் காலக்கோடு என்பது நேரத்தைப் பற்றியது மட்டுமே.

புள்ளி நகர்வதற்கு ஆங்கிலம் 'ஸ்வீப்' என்கிறது. இதை 'வீச்சு' என்று எழுதிவிடத் தோன்றும். கூடாது. பள்ளி இயற்பியலில் அலையின் உயரத்துக்கு, அதாவது ஆம்ப்ளிட்யூடுக்கு, வீச்சு என்று பெயர். திரையின் செங்குத்து அளவுக்கு உரிய சொல்லைக் கிடை நகர்வுக்குக் கொடுத்தால் மாணவன் என்ன ஆவான்? 'புள்ளியோட்டம்' என்பது கொஞ்சம் நீளம், ஆனால் எதையும் மறைக்காது.

எல்லாவற்றிலும் கடினமான இடம் இனிதான். கையேடுகளில் ஏயின் பெயர் 'டிலேயிங் ஸ்வீப்', பியின் பெயர் 'டிலேடு ஸ்வீப்'. விகுதி மட்டுமே வேறு; வேகமாகப் படிக்கிறவர் இரண்டையும் ஒன்றாகவே படித்துவிடுவார். தாமதம் என்ற சொல்லை வைத்துத் தமிழாக்கினாலும் 'தாமதப்படுத்தும்', 'தாமதப்படுத்தப்பட்ட' என்று நாக்கு சுளுக்கும். (தாமதமே, இருளையும் மந்தத்தையும் குறிக்கும் வடமொழிச் சொல்லின் வழி வந்தது.) நமக்குப் 'பிந்து' இருக்கிறது. இலங்கைத் தமிழர் இன்றும் அன்றாடம் 'பஸ் பிந்திப் போச்சு' என்பார்கள். தானே பிந்துவது தன்வினை, பிறிதொன்றைப் பிந்த வைப்பது பிறவினை. பி பிந்தும் கோடு. ஏ பிந்தவைக்கும் கோடு. யார் யாரைக் காக்க வைக்கிறார்கள் என்பது இலக்கணத்திலேயே தெரிந்துவிடுகிறது.

உள்ளே நடப்பதும் அதுவே. ஏ ஓடத் தொடங்கும்போது அதன் மின்னழுத்தம் சாய்தளம் போலச் சீராக ஏறுகிறது. முகப்பில் பத்துச் சுற்றுச் சுற்றும் டயல் ஒன்று இருக்கிறதே, அது ஒரு மின்னழுத்தத்தைக் குறித்து வைக்கிறது. ஏறும் அழுத்தம் அந்தக் குறியைத் தொட்டதும், ஒப்பிடும் சுற்று பியை எழுப்புகிறது. டயல் 6.90 என்றால், ஏ தொடங்கி 6.90 கட்டம் கழித்துப் பி தொடங்கும்.

ஓர் உண்மையான அலையில் பார்ப்போம். 1982 ஆசிய விளையாட்டுப் போட்டியின்போது தூர்தர்ஷன் வண்ணத்துக்கு மாறியதிலிருந்து நாம் பார்த்த அனலாக் தொலைக்காட்சி 'பால்' (பிஏஎல்) என்ற வண்ண ஒளிபரப்பு முறையைச் சேர்ந்தது. படத்தின் ஒரு கிடை வரி 64 மைக்ரோநொடி. வரியின் தொடக்கத்தில், புதிய வரி வந்துவிட்டது என்று அறிவிக்கும் 4.7 மைக்ரோநொடி நீளமுள்ள சிங்க் துடிப்பு. அதை அடுத்து, துடிப்பின் முன்விளிம்பிலிருந்து 5.6 மைக்ரோநொடியில், 4.43 மெகாஹெர்ட்ஸில் சுமார் பத்துச் சுழற்சி கொண்ட கலர் பர்ஸ்ட், அதாவது வண்ணத்தைப் பிரித்தறிய உதவும் குறிப்பு அலை. பர்ஸ்டின் மொத்த நீளமே 2.25 மைக்ரோநொடி.

ஏயைக் கட்டத்துக்கு 10 மைக்ரோநொடியில் வைத்து, சிங்கின் முன்விளிம்பில் ஏ ஓடத் தொடங்கும்படி ட்ரிக்கர் செய்யுங்கள். வரி 6.4 கட்டம் பிடிக்கும். பர்ஸ்ட் கால் கட்டம்கூட இல்லை, மங்கலான சிறு திட்டு. பியைக் கட்டத்துக்கு 0.5 மைக்ரோநொடியாக்கி 'ஏ இன்டென்சிஃபைடு' பொத்தானை அழுத்தினால் அரைக் கட்ட அகலத்தில் பளிச்சிடும் துண்டு தெரியும். டயலைச் சுற்றச் சுற்ற அது அலைமேல் ஊர்ந்து போகும். 6.90க்கு அருகே கொண்டுவந்தால் அடுத்த வரியின் பர்ஸ்டை முழுதாக மூடும். இப்போது பி. திட்டு நாலரைக் கட்டத்துக்கு விரிகிறது. கூடவே திரை மங்குகிறது. கோளாறு இல்லை: 100 மைக்ரோநொடி ஓடும் ஏக்கு நடுவே பி 5 மைக்ரோநொடிதான் ஒளியெழுதுகிறது. ஒளிக்குமிழைக் கூட்டலாம், ஆனால் ஏக்குத் திரும்பும் முன் மறக்காமல் குறைத்துவிடுங்கள். திரையின் உட்புறத்தில் ஒளிரும் பூச்சான பாஸ்பரில் எரிந்த வடு ஆறாது.

விரிந்தும் பத்துச் சுழற்சி தெரியாது, பச்சைப் பட்டையாக அப்பிக் கிடக்கும். 4.43 மெகாஹெர்ட்ஸ் அலை, வரி அதிர்வெண்ணான 15,625 ஹெர்ட்ஸின் முழு மடங்காக இல்லை. கால் சுழற்சி தள்ளியே அமைந்தது. அதனால் ஒவ்வொரு ஓட்டத்திலும் சுழற்சிகள் சற்றுத் தள்ளி விழுந்து ஒன்றன்மேல் ஒன்று படிகின்றன. இங்கேதான் பியின் இரண்டாவது வகை கைகொடுக்கும். 'ரன்ஸ் ஆஃப்டர் டிலே' என்றால் பிந்தும் நேரம் முடிந்ததும் பி உடனே ஓடும். 'ட்ரிக்கரபிள் ஆஃப்டர் டிலே' என்றால் நேரம் முடிந்த பின்னும் நின்று, அலை குறிப்பிட்ட மட்டத்தைக் கடக்கும்போது ஓடும். முன்னதை 'பிந்தி ஓடு' என்றும் பின்னதை 'பிந்திக் காத்திரு' என்றும் சொல்வேன். காத்திருக்க விட்டு, பியின் மட்டத்தைப் பர்ஸ்டுக்குள் பொருத்தினால், பட்டை கலைந்து பத்து வளைவுகளும் எண்ணும்படி நிற்கும். அலமாரியில் கிடந்த அந்த ஸ்கோப்பும் இந்த வகையில்தான் மாட்டியிருந்தது: பி காத்திருந்தது, வருவதற்கு அலையே இல்லை.

நேரம் அளக்கும்போது மட்டும் 'பிந்திக் காத்திரு' வேண்டாம். டயலை எவ்வளவு திருப்பினாலும் படம் அசையாது, பிறகு திடீரென்று அடுத்த விளிம்புக்குத் தாவும். அலையின் நடுக்கமும் மறைந்துபோகும். 'பிந்தி ஓடு' வகைக்கு மாற்றி, ஏயைக் கட்டத்துக்கு 20 மைக்ரோநொடி வையுங்கள்; பி 0.5 மைக்ரோநொடியிலேயே இருக்கட்டும். இரண்டாவது சிங்கின் பின்விளிம்பைத் திரையின் நடுக்கோட்டுக்குக் கொண்டுவந்தால் டயல் 3.31 அளவில் நிற்கும். கணக்குப்படி அந்த விளிம்பு 68.7 மைக்ரோநொடியில் இருக்கிறது, டயலோ 66.2 என்கிறது. பி தொடங்கும் இடத்துக்கும் நடுக்கோட்டுக்கும் இடையே உள்ள 2.5 மைக்ரோநொடிதான் அந்த வேறுபாடு. கவலை வேண்டாம், அடுத்த சிங்கின் பின்விளிம்பையும் அதே நடுக்கோட்டுக்குக் கொண்டுவாருங்கள்: 6.51. கழித்தால் 3.20, இருபதால் பெருக்கினால் 64 மைக்ரோநொடி. இரண்டு முறையும் இருந்த அதே பிசகு கழித்தலில் போய்விட்டது.

அந்த ஸ்கோப்பின் சீட்டைக் கிழித்துவிட்டு, நாடாவில் எழுதி முகப்பில் ஒட்டினேன்: ஏயின் மேல் 'பிந்தவைக்கும் கோடு', பியின் மேல் 'பிந்தும் கோடு'. அடுத்த பருவ மாணவி ஒருத்தி அதைப் படித்துவிட்டு, "அப்போ ஏ ஓடலேன்னா பி எப்பவுமே வராதா சார்?" என்று கேட்டாள். வராதும்மா என்றேன்.