பெரிதாக்க முடியாத முகங்கள்

"இந்த ஒரு படம்தான் சார் இருக்கு. முகத்தை மட்டும் எடுத்துப் பெரிசாக்கித் தாங்க."

ஸ்டுடியோவில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. நீட்டும் போனில் ஒரு குரூப் போட்டோ இருக்கும். கடைசி வரிசையில், யாரோ ஒருவரின் தோளுக்குப் பின்னால், பாதி முகமாக அப்பா நிற்பார். அதுவும் வாட்ஸ்அப்பில் பல கை மாறிச் சுருங்கி வந்த படம். முகத்தை மட்டும் வெட்டினால் அகலம் 60 பிக்சல்கூடத் தேறாது. 8க்கு 10 அங்குலத்தில் தெளிவாகப் பிரிண்ட் போட 2400க்கு 3000 பிக்சல் வேண்டும்.

ஏஐ-யில் போட்டால் தெளிவாகிவிடுமே என்பார்கள். ஆகும்தான். படத்தில் இல்லாததை அது ஊகித்து வரைந்துவிடும், அவ்வளவுதான். அப்படி வந்த ஒரு படத்தை வெகுநேரம் பார்த்த மகன், "நல்லாத்தான் இருக்கு, ஆனா இது எங்கப்பா இல்லை" என்றார். புருவத்தின் மேல் இருந்த தழும்பைக் காணவில்லை.

1838இல், புகைப்படக் கலையின் முன்னோடிகளில் ஒருவரான லூயி டாகேர் பாரிஸில் ஒரு தெருவைப் படமெடுத்தார். ஆள் நடமாட்டம் மிகுந்த தெருதான். ஒளி பதியச் சில நிமிடங்கள் பிடித்ததால், நடந்தவர்கள் யாரும் பதியவில்லை. ஷூவுக்கு பாலிஷ் போட நின்ற ஒருவர் மட்டும் தெரிகிறார், கூடவே பாலிஷ் போடுபவரும் மங்கலாக. இன்று கண் இமைப்பதற்குள் படம் பதிகிறது. ஆனாலும் வீட்டில் இருப்பவர்கள் விடுபட்டுப் போகிறார்கள். விசேஷத்தை எடுக்கிறோம், சாப்பாட்டுத் தட்டை எடுக்கிறோம். எப்போதும் போனைப் பிடித்து எல்லோரையும் எடுப்பவர் எந்தப் படத்திலும் இருப்பதில்லை.

சரி, எப்படி எடுப்பது? தலைக்கு மேல் எரியும் விளக்கை அணைத்துவிட்டு ஜன்னலோரம் உட்காரவையுங்கள். மேலிருந்து விழும் வெளிச்சம் கண்ணைக் குழியாக்கிவிடும். போனை முகத்தருகே கொண்டுபோனால் மூக்கு பெரிதாகும், காது பின்னால் போய்விடும். ஐந்தாறு அடி தள்ளி நின்று 2எக்ஸ் ஜூம் வைத்து எடுங்கள். சிரிக்கச் சொல்லாதீர்கள், பேச்சுக் கொடுங்கள். "என்னை எதுக்கு எடுக்கிற" என்று அலுத்துக்கொள்ளும் அந்த நொடி இருக்கிறதே, என் அனுபவத்தில் பெரும்பாலும் அதுதான் சரியான படம். அப்புறம், கைகளையும் ஒன்று எடுத்துவிடுங்கள். கேட்டு வருபவர்களுக்கு நான் ஒருபோதும் கொடுக்க முடியாதது அதுதான்.

அனுப்பும்போது டாகுமென்ட்டாக அனுப்பினால் படம் சுருங்காது. ஒன்றையாவது பிரிண்ட் போட்டு, பின்புறம் மென்மையான பென்சிலால் பெயரும் வருடமும் எழுதி வையுங்கள். பால்பாயிண்ட் பேனா வேண்டாம், அழுத்தினால் முன்பக்கம் தடம் விழும்.