அழகர்மலை ஊற்று சித்திரையிலும் வற்றாதது ஏன்?

மேலூர்ப் பக்கத்திலிருந்து பத்தாம் வகுப்பு மாணவி ஒருவர் கேட்டிருக்கிறார்: "சித்திரையில் குட்லாடம்பட்டிக்குப் போனால் அருவி இருந்த இடத்தில் காய்ந்த பாறைதான் இருக்கிறது. அதே வெயிலில் அழகர்மலை நூபுர கங்கையில் மட்டும் தண்ணீர் விழுகிறதே, அது எங்கிருந்து வருகிறது?"

மலையேறும் பக்தர்கள் பலர் இக்கேள்விக்கு "அது யாருக்கும் தெரியாத ரகசியம்" என்று பதில் சொல்வதைச் சிறு வயது முதல் கேட்டிருக்கிறேன். ஊற்று நீர் எங்கிருந்து வருகிறது என்பது உலகின் பல இடங்களிலும் நெடுங்காலம் புதிராகவே இருந்தது. மண்ணுக்கடியில் உள்ள குளிர்ச்சியில் காற்றே நீராக மாறி ஊற்றாக வெளிப்படுகிறது என்று அரிஸ்டாட்டில் கருதினார். 1674-இல் பிரான்ஸைச் சேர்ந்த பியர் பெரோ, சேன் ஆற்றின் மேற்பகுதியில் பெய்யும் மழையையும் ஆற்றில் ஓடும் நீரையும் கணக்கிட்டு, மழை ஏறத்தாழ ஆறு மடங்கு அதிகம் என்று காட்டினார். ஊற்றுக்கும் ஆற்றுக்கும் மழையே போதும் என்பது அப்போதுதான் எண்களால் உறுதியாயிற்று.

அதே கணக்கை நம் மலைக்கும் போட்டுப் பார்க்கலாம். ஒரு சதுர கிலோமீட்டர் காட்டின் மேல் 100 மில்லிமீட்டர் மழை பெய்தால் அது 10 கோடி லிட்டர். அதில் பத்தில் ஒரு பங்கு மட்டும் பாறைக்குள் இறங்கினாலும் 1 கோடி லிட்டர் ஆகிறது. நிமிடத்துக்கு 19 லிட்டர் வீதம், அதாவது ஏறத்தாழ வீட்டுக்கு வரும் ஒரு தண்ணீர் கேன் அளவு நீரை ஒவ்வொரு நிமிடமும் ஊற்றிக்கொண்டே இருந்தாலும், அது தீர ஓர் ஆண்டு ஆகும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் ஒரு பகுதியே இதற்குப் போதும்.

குட்லாடம்பட்டியின் கதை எளிது. சிறுமலைச் சரிவில் பெய்யும் மழையில் பெரும்பகுதி மேற்பரப்பு வழியாகவே ஓடிவந்து பாறையில் விழுகிறது. மழை நின்றதும் ஓட்டம் மெலிந்து பின்னர் நின்றுவிடுகிறது. ஊற்று நீர் போகும் வழியே வேறு.

கடந்த மாசியில் பழமுதிர்சோலைக்கு மேலே, பாதையோரத்தில் கிடந்த இலைச்சருகைக் கையால் விலக்கிப் பார்த்தேன். மேலே மொறுமொறுவென்று உடைந்த சருகுக்கு நான்கு விரல் கீழே, மண் கறுத்து, பிழிந்த துணி போல ஈரமாக இருந்தது. வேர்கள் துளைத்த அந்த மண் மழையை ஓடவிடாமல் பிடித்து, சிதைந்த பாறைக்கும் அதன் கீழுள்ள விரிசல்களுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக இறக்குகிறது. மதுரையைச் சுற்றியுள்ள மலைகள் பெரும்பாலும் சார்னோக்கைட், நைஸ் போன்ற கடினப் பாறைகள். அப்பாறையின் உடம்பில் நீர் புகாது. விரிசல்களில்தான் நிற்கும், நகரும்.

என்னை எப்போதும் வியக்க வைப்பது இந்த விரிசல்கள்தான். குறுகிய விரிசலில் நீர் நகரும்போது இருபுறச் சுவர்களும் அதை இழுத்துப் பிடிக்கின்றன. ஆகவே நீரின் அளவு விரிசல் அகலத்தின் மும்மடிக்கு ஏற்ப மாறுகிறது: அகலம் பாதியானால் ஓட்டம் எட்டில் ஒன்று, ஒரு மில்லிமீட்டர் பத்தில் ஒரு மில்லிமீட்டர் ஆனால் ஓட்டம் ஆயிரத்தில் ஒன்று. மலைக்குள் எவ்வளவு நீர் நிறைந்திருந்தாலும், தலைமுடி அளவுள்ள விரிசல்கள் அதை அளந்து அளந்துதான் வெளியே விடும். யாரும் திருகாமல் தானாகவே இறுக்கி வைக்கப்பட்ட குழாய் என்று இதைச் சொல்லலாம்.

மழை நின்ற பிறகு ஊற்று குறைவதிலும் ஓர் ஒழுங்கு உண்டு. நீரோட்டம் நீர்மட்டச் சரிவுக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்று 1856-இல் பிரெஞ்சுப் பொறியாளர் ஹென்றி டார்சி கண்டார். உள்ளே மட்டம் இறங்க இறங்க வெளியேற்றமும் குறைகிறது. வெளியேற்றம் குறைவதால் மட்டம் இறங்குவதும் மெதுவாகிறது. மூன்று மாதத்தில் ஓட்டம் பாதியாகும் ஊற்று, அடுத்த மூன்று மாதத்தில் முழுவதும் தீர்ந்துவிடாது. எஞ்சியதில் பாதியாகத்தான் குறையும். அதற்குள் அடுத்த மழை வந்துவிடுகிறது. ஆழத்தில் தங்கிய நீர் ஆண்டின் சராசரி வெப்பநிலையிலேயே இருப்பதால்தான், நூபுர கங்கை சித்திரையில் குளிர்ச்சியாகவும் மார்கழி விடியலில் இளஞ்சூடாகவும் மேலில் படுகிறது.

உலகளந்த பெருமாளின் சிலம்பில் பட்டுத் தெறித்த நீர் இது என்ற நம்பிக்கையோடு எனக்குப் பிணக்கில்லை; ஐப்பசியில் தைலக்காப்புக்கு அழகர் இங்கே எழுந்தருளும் நாளில் நானும் மலையேறியிருக்கிறேன். ஆனால் "தெய்வ நீர், வற்றவே வற்றாது" என்று சொல்லிக்கொண்டே சோலை மரங்களை வெட்டுவதும், சரிவில் தீ வைப்பதும், மண்ணைச் சிமெண்டால் மூடுவதும் ஊற்றின் வாயை நாமே அடைக்கும் வேலை. வைகை அணையின் நீர்மட்டம் நாளிதழில் வருகிறது. மலை ஊற்றுகளை அப்படி அளந்து சொல்வார் இல்லை. இமயமலை ஊற்றுகளைக் கணக்கெடுத்து மீட்பது பற்றி நிதி ஆயோக் 2018-இல் அறிக்கை வெளியிட்டது. அழகர்மலை, சிறுமலை, கரந்தமலை ஊற்றுகளுக்கும் அப்படி ஓர் ஆய்வும் அதற்கான பணமும் தேவை என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அதுவரை கேள்வி கேட்ட மாணவியே தொடங்கலாம். அளவு தெரிந்த குடம் ஒன்றை ஊற்று நீர் விழும் இடத்தில் பிடித்து, நிறைய எத்தனை வினாடி ஆகிறது என்று கைக்கடிகாரத்தில் பார்க்க வேண்டும். தை முதல் ஆனி வரை மாதம் ஒருமுறை அந்த எண்ணைக் குறித்து வைத்தால், அழகர்மலை தன் நீரில் பாதியைக் கொடுத்து முடிக்க எத்தனை நாள் எடுத்துக்கொள்கிறது என்பது அவருடைய நோட்டிலேயே தெரிந்துவிடும்.