வயிற்றை அமுக்காதீர்கள், மூச்சைக் கொடுங்கள்

கோடை விடுமுறை தொடங்கியதும் மலையடிவார மருத்துவமனைகளின் அவசரப் பிரிவில் எங்களுக்கு ஒரு பயமும் தொடங்கிவிடும். ஈரத் துணியோடு நான்கைந்து இளைஞர்கள் வாடகைக் காரில் வந்து இறங்குவார்கள். பின் இருக்கையில், ஓடையில் மூழ்கிய ஒருவன் அசைவில்லாமல் கிடப்பான். இந்த வாரமும் அப்படி ஒருவனைக் கொண்டுவந்தார்கள். கூட வந்த பையன் அழுதுகொண்டே சொன்னான்: "வயிற்றை அமுக்கித் தண்ணீரையெல்லாம் வெளியே எடுத்துவிட்டோம் டாக்டர்." ஓடையிலிருந்து சாலை வரைக்கும், சாலையிலிருந்து மருத்துவமனை வரைக்கும் அதையேதான் செய்திருக்கிறார்கள். ஒருவர்கூட அவன் வாயில் மூச்சை ஊதவில்லை. அந்தப் பையன்கள் மீது எனக்குக் கோபமில்லை. பள்ளியிலோ கல்லூரியிலோ யாருமே இதை அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லையே என்பதில்தான் கோபம்.

ஓடையோரம் போகாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. போகத்தான் வேண்டும். தேனியிலும் தென்காசியிலும் வெயில் மண்டையைப் பிளக்கிற நாளில், மேற்குத் தொடர்ச்சி மலையில் ஓர் ஓடைக்கரையைப் பிடித்துக் கொஞ்ச தூரம் ஏறிப் பாருங்கள். நீர்மருதும் நாவலும் கிளை பின்னி நிழல் தரும். காலை நேரமென்றால் தண்ணீர்ச் சத்தத்தையும் மீறிச் சீகாரப் பூங்குருவி சீட்டியடிப்பது கேட்கும். பிள்ளைகள் கைபேசியை மறந்து கூழாங்கல் பொறுக்குவார்கள். சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் "நடங்கள், நடங்கள்" என்று சீட்டு எழுதுகிற நாங்கள், இப்படி ஒரு பாதையில் நடப்பவரைத் தடுப்போமா?

ஆனால் உங்கள் காலடியில் ஓடும் தண்ணீர் அங்கே பிறந்ததல்ல. கோடை மழை பெரும்பாலும் மதியத்துக்கு மேல் மலையுச்சியில் கொட்டும். கும்பக்கரை அருவியில் வெயில் சுள்ளென்று அடிக்கும்போதே, கொடைக்கானல் மலையில் பெய்த மழை பாம்பாற்றில் இறங்கி வந்துகொண்டிருக்கும். 2024 மே 17 அன்று பழைய குற்றால அருவியில் திடீரென்று பாய்ந்த வெள்ளம் 17 வயது மாணவன் ஒருவனை அடித்துச் சென்றது. ஜூன் மாதச் சீசன்கூட அப்போது தொடங்கியிருக்கவில்லை. "மழையே இல்லையே, ஏன் சார் தடுக்கிறீர்கள்?" என்று வனக் காவலரிடம் மல்லுக்கு நிற்பவர்கள் இதை நினைத்துப் பாருங்கள். அவர் உங்கள் உயிருக்காகத்தான் அங்கே நிற்கிறார்.

அனுமதி இல்லாத பாதையில் போகாதீர்கள். காலையில் கிளம்பி மதியத்துக்குள் இறங்கிவிடுங்கள். தெளிந்த தண்ணீர் கலங்கினாலோ, சருகும் குச்சியும் மிதந்து வந்தாலோ, தண்ணீரின் சத்தம் கனத்தாலோ, பையைக்கூட எடுக்காமல் பக்கவாட்டில் மேடேறுங்கள். ஓடை வழியே கீழ்நோக்கி ஓடாதீர்கள். வெள்ளம் உங்களைவிட வேகமாக வரும்.

வெள்ளமே வராத நாளிலும் ஓடையில் கசம் என்கிற ஆழமான பள்ளம் உண்டு. முழங்கால் ஆழத்தில் நடந்துகொண்டிருப்பவர் அடுத்த அடியில் தலைக்கு மேல் தண்ணீரில் இருப்பார். பாசி பிடித்த பாறையில் செல்ஃபி எடுக்க ஏறாதீர்கள். கிணற்றில் கற்ற நீச்சலை நம்பி இழுக்கிற தண்ணீரில் இறங்காதீர்கள். குடித்துவிட்டு இறங்கவே இறங்காதீர்கள். ஆழம் தெரியாத இடத்தில் தலைகுப்புறப் பாய்கிறவர்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன்: வேண்டாம். கழுத்துத் தண்டுவடம் முறிந்த ஒரு பையனை அவன் அம்மா ஆண்டுக்கணக்கில் புரட்டிப் படுக்கவைப்பதை நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

இனி வயிற்றுக்கு வருகிறேன். மூழ்குகிறவர் தண்ணீரை விழுங்குவார். அது இரைப்பையில் நிற்கும். அவரைக் கொல்வது அந்தத் தண்ணீர் அல்ல, ஆக்சிஜன் இல்லாமை. நுரையீரலுக்குள் போகும் தண்ணீர் பெரும்பாலும் கொஞ்சம்தான். வயிற்றை எவ்வளவு அமுக்கினாலும் அது வெளியே வராது. அமுக்கும்போது வாய்வழியாகக் கொப்பளித்து வருவது இரைப்பையில் இருந்த தண்ணீரும் காலையில் சாப்பிட்ட இட்லியும்தான். மயங்கிக் கிடப்பவரால் இருமி அதைத் தடுக்க முடியாது. அது நேராக மூச்சுக்குழாய்க்குள் இறங்கும். அதுவரை ஓரளவு நன்றாக இருந்த நுரையீரலையும் நீங்களே கெடுத்துவிடுகிறீர்கள். சுற்றி நிற்பவர்களோ தண்ணீர் வருவதைப் பார்த்துப் பிழைத்துவிட்டான் என்று நம்புகிறார்கள். தலைகீழாகத் தொங்கவிடுவது, தோளில் போட்டுக்கொண்டு ஓடுவது, குப்புறப் போட்டு முதுகை மிதிப்பது எல்லாமே இதே தவறுதான். ஆக்சிஜன் இல்லாமல் நான்கைந்து நிமிடம் கடந்தாலே மூளை சேதமடையத் தொடங்குகிறது. அந்த நிமிடங்களைத்தான் நீங்கள் வயிற்றில் செலவழிக்கிறீர்கள்.

நெஞ்சை அழுத்தினால் மட்டும் போதும் என்று வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டவர்களும் வருகிறார்கள். அது மாரடைப்பில் சரிந்து விழுந்த பெரியவருக்காகச் சொன்னது. அவருடைய ரத்தத்தில் அந்த நேரத்தில் ஆக்சிஜன் மீதமிருக்கும். அதைச் சுற்றவிட்டால் சிறிது நேரம் தாங்கும். மூழ்கியவருடைய ரத்தத்தில் அது தீர்ந்துபோயிருக்கும். எனவே இங்கே மூச்சுதான் முதலில்.

கரைக்குக் கொண்டுவந்ததும் மல்லாத்திப் படுக்கவையுங்கள். தட்டிக் கூப்பிட்டும் அசைவில்லை, மூச்சும் இல்லை என்றால் தலையைப் பின்னுக்குச் சாய்த்து, மோவாயை உயர்த்தி, மூக்கைப் பிடித்துக்கொண்டு, வாயோடு வாய் வைத்து ஐந்து முறை நெஞ்சு எழும்பும்படி ஊதுங்கள். அப்படியும் அசைவு வராவிட்டால் நெஞ்சின் நடுவில் 30 முறை அழுத்துங்கள், பின்பு இரண்டு முறை ஊதுங்கள். திரும்பத் திரும்பச் செய்யுங்கள். பெரியவர்களுக்கு அழுத்தம் 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழமும், நிமிடத்துக்கு 100 முதல் 120 வரை வேகமும் இருக்க வேண்டும். வாயில் நுரை வந்துகொண்டிருந்தால் அதைத் துடைத்துக்கொண்டே நேரத்தைப் போக்காதீர்கள், ஊதுங்கள். வாந்தி வந்தால் மட்டும் ஒருக்களித்து வழித்துவிட்டுத் தொடருங்கள். கூச்சப்பட இது நேரமில்லை. மலையில் சிக்னல் கிடைக்காது. 108-ஐ அழைக்க ஒருவர் கீழே ஓடட்டும், மற்றவர்கள் அங்கேயே தொடர்ந்து செய்யட்டும்.

காப்பாற்ற இன்னொருவர் குதிப்பதையும் தயவுசெய்து நிறுத்துங்கள். தங்கை தடுமாற அக்கா இறங்கி, அக்காவுக்காக அப்பா இறங்கி, ஒரே வீட்டிலிருந்து அடுத்தடுத்துப் பிணம் வருவதைத் தாங்க எங்களாலும் முடியவில்லை. கரையில் படுத்துக்கொண்டு கம்பை நீட்டுங்கள். துண்டையோ வேட்டியையோ சேலையையோ முறுக்கி வீசுங்கள். மூடி இறுக்கிய காலி தண்ணீர் கேனை எறிந்தால் அதைக் கட்டிக்கொண்டு மிதப்பார். நீங்களே வேகமான தண்ணீரில் விழுந்துவிட்டால் எழுந்து நிற்க முயலாதீர்கள். பாறை இடுக்கில் கால் மாட்டிக்கொள்ளும். மல்லாந்து, கால்களை முன்னால் நீட்டி மிதந்தபடி கரைப் பக்கம் ஒதுங்கப் பாருங்கள்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021-இல் மட்டும் உலகில் ஏறக்குறைய 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்திருக்கிறார்கள். மூழ்குகிறவர் கத்துவதில்லை, கையை ஆட்டிக் கூப்பிடுவதுமில்லை. பிள்ளைகளோடு போகிறவர்கள் அவர்களைக் கையெட்டும் தூரத்திலேயே வைத்திருங்கள்.

மூழ்கி எழுந்தவர் கண் விழித்து "எனக்கு ஒன்றுமில்லை, நன்றாகத்தான் இருக்கிறேன்" என்று சொன்னாலும் ஊருக்கு பஸ் ஏற்றிவிடாதீர்கள். இருமலும் மூச்சுத்திணறலும் சில மணி நேரம் கழித்துக்கூட வரும். மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள்; ஆறு முதல் எட்டு மணி நேரம் வைத்துப் பார்த்துவிட்டு அனுப்புகிறோம். அவருக்கு ஒன்றுமில்லை என்று தெரிந்தால், எதற்காக வந்தீர்கள் என்று இங்கே யாரும் கடிந்துகொள்ள மாட்டார்கள்.