உறைகுளிர்க் காப்பான்: ‘கிரையோபுரொடெக்டன்ட்’ என்னும் சொல்லும் அதன் தமிழும்

உயிருள்ள செல்களைக் கடுங்குளிரில் சேமிக்கும்போது அவை மடிந்துவிடாமல் இருக்கும் பொருட்டுச் சேர்க்கப்படும் வேதிப்பொருளுக்குக் கிரையோபுரொடெக்டன்ட் என்று பெயர். சென்னையின் கருத்தரிப்பு மையங்களிலும் தொப்புள்கொடி இரத்த வங்கிகளிலும் அன்றாடம் புழங்கும் பொருள்தான் இது. ஆனால் ‘ஃப்ரீஸ் பண்ணி வைப்பது’ என்ற பேச்சு காதில் விழும் அளவுக்கு இந்தப் பெயர் விழுவதில்லை. மாட்டுக்குச் சினை ஊசி போடும் கால்நடை மருத்துவர் கிரையோகேன் என்னும் திரவ நைட்ரஜன் கலனிலிருந்து எடுக்கும் மெல்லிய உறைவிந்துக் குச்சிக்குள்ளும், முட்டை மஞ்சள் கருவோடு கலந்து, கிளிசரால் என்னும் கிரையோபுரொடெக்டன்ட் இருக்கிறது.

சொல்லின் முன்பாதி கிரேக்க மொழியினது. அங்கே ‘க்ரூஒஸ்’ என்றால் பனிக்கட்டியின் கடுங்குளிர். இஸ்ரோவின் ஏவூர்திச் செய்திகளால் நமக்குப் பழகிப்போன ‘கிரையோஜெனிக்’ என்பதும் இதே வேரில் கிளைத்ததே. படிகத்தைக் குறிக்கும் ‘கிரிஸ்டல்’ என்ற சொல்லுக்கும் இதுவே மூலம். செல்லைக் கொல்வதில் பனிப் படிகத்துக்குப் பெரும்பங்கு உண்டு என்பதால் இந்த உறவு பொருத்தமானதுதான். பின்பாதி, ‘முன்னே நின்று மூடுதல்’ என்று பொருள்படும் இலத்தீன் வினையிலிருந்து வந்தது.

செல் எதனால் மடிகிறது என்று தெரிந்தால்தான் காப்பு எதற்கு என்பது விளங்கும். வெப்பநிலை இறங்கும்போது முதலில் செல்லுக்கு வெளியே உள்ள நீர் பனியாகிறது. பனிப் படிகம் தூய நீரை மட்டுமே ஏற்றுக்கொள்வதால், உப்பளப் பாத்தியில் நீர் வற்ற வற்ற உப்பு செறிவதைப் போல, எஞ்சிய திரவத்தில் உப்பின் செறிவு ஏறிக்கொண்டே போகிறது. அந்தச் செறிவு செல்லுக்குள் இருக்கும் நீரையும் வெளியே இழுக்க, செல் சுருங்கிச் சேதமடைகிறது. இதற்கு அஞ்சி மிக விரைவாகக் குளிர்வித்தாலோ, உள்நீர் வெளியேற நேரமின்றி உள்ளேயே பனியாகிச் செல்லின் உள்ளமைப்பைச் சிதைக்கிறது. மெதுவாகப் போனால் உப்பு, விரைந்து போனால் பனி என்ற இந்த இருமுனை இடரை அமெரிக்க உயிரியலாளர் பீட்டர் மேசுர் 1970-களின் தொடக்கத்தில் தெளிவாக வகுத்துரைத்தார்.

கிளிசரால், டைமெத்தில் சல்ஃபாக்சைடு (சுருக்கமாக டி.எம்.எஸ்.ஓ) போன்ற சிறு மூலக்கூறுகள் செல்லின் சவ்வைக் கடந்து உள்ளே சென்று, நீர் மூலக்கூறுகளோடு ஹைட்ரஜன் பிணைப்பால் இணைந்துகொள்கின்றன. இதனால் எந்தத் தாழ்வெப்பநிலையை எடுத்துக்கொண்டாலும், அதில் பனியாகாமல் எஞ்சும் திரவத்தின் அளவு கூடுகிறது. உப்பின் செறிவும் மட்டுப்படுகிறது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. தூய டி.எம்.எஸ்.ஓ ஏறத்தாழ 18.5 டிகிரி செல்சியஸிலேயே கட்டியாகிவிடும். சென்னையின் வெயிலில் திரவமாக இருக்கும் குப்பி, ஏ.சி.யைக் கூட்டி வைத்த அறையில் ஓரிரவு கிடந்தால் காலையில் கல்லாகியிருக்கும். தானே குளிரைத் தாங்காத பொருள் பிறரை எப்படிக் காக்கும் என்று தோன்றலாம். காப்பது அது தனித்தன்று, நீரோடு சேர்ந்த கலவையே. மூன்றில் இரு பங்கு கிளிசராலும் ஒரு பங்கு நீரும் எடைப்படி கலந்தால், அக்கலவை மைனஸ் 46 டிகிரி வரை உறைவதில்லை.

கிளிசராலின் இந்த ஆற்றல் தற்செயலாகவே வெளிப்பட்டது. சேவலின் விந்தணுக்களைச் சர்க்கரைக் கரைசலில் உறையவைக்க முயன்ற லண்டன் ஆய்வாளர்கள், நல்ல விளைவு தந்த குப்பியைச் சோதித்தபோது, லேபிள் மாறிப்போய் அதில் கிளிசரால் இருந்ததைக் கண்டனர். போல்ஜ், ஸ்மித், பார்க்ஸ் ஆகிய மூவரும் 1949-இல் அதனை வெளியிட்டனர். டி.எம்.எஸ்.ஓ-வின் பயனை லவ்லாக்கும் பிஷப்பும் 1959-இல் அறிவித்தனர்.

இனித் தமிழ்ச் சொல். ‘உறைவு எதிர்ப்பி’ என்று ஆக்கலாமே என்பது முதலில் தோன்றும் யோசனை. அது இருவகையில் தவறு. இப்பொருள் உறைதலைத் தடுப்பதன்று, உறையும்போது செல்லைக் காப்பது. மேலும் ‘இரத்தம் உறைதல்’ என்றால் தமிழில் கட்டிப்படுதல். தொப்புள்கொடி இரத்தத்தைப் பிடிக்கும் பையிலேயே அது கட்டிப்படாதிருக்கச் சிட்ரேட் கரைசல் இருக்கும். பிறகு, உறையவைக்கும் முன், டி.எம்.எஸ்.ஓ சேரும். ஒரே இரத்தத்தில் சேரும் இவ்விரண்டுக்கும் ஒரே பெயர் இட்டால் குழப்பமே மிஞ்சும். ‘குளிர்காப்பி’ சுருக்கமாக இருக்கிறது. ஆனால் இந்த ஊரில் அதைப் படிப்பவர் கோல்டு காபியைத்தான் நினைப்பார்.

ஆகவே ‘உறைகுளிர்க் காப்பான்’ என்பதே என் தெரிவு. அழிப்பான், தெளிப்பான், வடிப்பான் என்று கருவிக்கும் பொருளுக்கும் -ஆன் ஈறு வழக்கில் இருப்பதால் காப்பான் என்பது உறுத்தாது. செல்லுக்குள் நுழையும் கிளிசரால் வகையை ‘ஊடுருவும் காப்பான்’ என்றும், சவ்வுக்கு வெளியே நின்று நீரை ஈர்த்துக்கொள்ளும் சுக்ரோஸ், டிரெஹலோஸ் போன்ற சர்க்கரை வகையை ‘ஊடுருவாக் காப்பான்’ என்றும் பிரித்துச் சொல்லலாம்.

கருமுட்டைகளையும் கருக்களையும் சேமிப்பதில் இன்று பரவலாக இருப்பது ‘விட்ரிஃபிகேஷன்’ என்னும் கண்ணாடியாக்கம். காப்பான்களை மிகுந்த செறிவில் சேர்த்து, மைனஸ் 196 டிகிரியில் உள்ள திரவ நைட்ரஜனில் சட்டென்று அமிழ்த்தினால், நீர் படிகமாக அடுக்குறாமல் கண்ணாடி போல இறுகிவிடுகிறது. அந்தச் செறிவில் காப்பானே செல்லுக்கு நஞ்சாகும் என்பதால், அமிழ்த்தும் முன் செல் அதில் கிடக்கும் நேரம் மிகக் குறுகியதாக இருக்க வேண்டும். வெளியே எடுத்ததும் படிப்படியாகக் கழுவி நீக்கவும் வேண்டும். இங்கே பனியே உருவாவதில்லை. ஆயினும் உறைகுளிர் என்பது பனியையன்றிக் குளிரையே சுட்டுவதால், காப்பானின் பெயர் இம்முறைக்கும் மாறாமல் நிற்கும்.