சராசரி எடையை நம்பி இறால் விடாதீர்கள்

"ஏக்கருக்குக் கையில என்ன சார் நிக்கும்?" நன்னீர் இறால் குட்டை போட வருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி இதுதான். யாருக்கு விற்கப் போகிறீர்கள் என்று நான் திருப்பிக் கேட்டால் முகம் சுருங்கிவிடும்.

ஒரு அறுவடையில் வலையைக் கரையில் கொட்டினோம். எல்லாம் ஒரே நாளில் விட்ட குஞ்சுகள். கொடுக்குக் கால் நீலமாக நீண்ட பெரிய ஆணை நீலக்கால் என்போம்; அப்படி ஒன்று 120 கிராம் இருந்தது. பக்கத்தில் துள்ளியது 20 கிராம்கூடத் தேறவில்லை. பெரிய ஆண்கள் குட்டையில் இருக்கும்வரை சின்ன ஆண்கள் தலையெடுக்காது. இந்த இனத்தின் குணமே அதுதான். பண்ணைக்காரரின் நோட்டில் 'சராசரி 50 கிராம்' என்று இருந்தது. வியாபாரி சராசரிக்கா காசு கொடுப்பார்? கவுண்ட், அதாவது கிலோவுக்கு எத்தனை இறால் என்று, பிரித்துத்தான் விலை போட்டார். பொடிசுகள் தின்ற தீவனக் காசுகூடத் திரும்பவில்லை.

இன்னொன்று, தலையும் காலும் போனால் இதில் பாதிக்கும் குறைவாகத்தான் சதை. உப்புநீரில் வளர்க்கும் வனாமி இறாலில் அப்படியில்லை. அதனால் முழு இறாலாகக் கேட்கும் சந்தை பக்கத்தில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

நெல்லூர்ப் பக்கம் ஸ்கேம்பி, அதாவது இந்த நன்னீர் இறால், கொடிகட்டிப் பறந்த காலம் உண்டு. 2005 வாக்கில் இந்திய உற்பத்தி 40,000 டன்னைத் தாண்டியது. அப்புறம் வெள்ளை வால் நோய், உறவுக்குள்ளேயே இனப்பெருக்கம் செய்து வளர்ச்சி குன்றிய குஞ்சு. 2009-இல் வனாமியும் வந்ததும் பலர் அதற்கே மாறிவிட்டார்கள். வங்கதேசத்தின் குல்னா, பாகர்ஹாட்டில் கதை வேறு. அங்கே 'கேர்' என்னும் வரப்பு உயர்த்திய வயலில் இறாலோடு நெல்லும் மீனும், வரப்பில் காய்கறியும் உண்டு. இறால் கைவிட்டாலும் அடுப்பு எரியும். கேரளத்தின் குட்டநாட்டிலும் நெல் அறுத்த வயலில் இறால் விடுகிறார்கள்.

அமெரிக்காவின் கென்டக்கியில் இந்த இறால் குளிர் தாங்காது என்பதால் கோடையில் ஒரே போகம்தான். இறக்குமதி இறாலோடு விலையில் மோத முடியாது என்று குளக்கரையிலேயே உயிரோடு விற்கிறார்கள். எனக்குப் பிடித்த வியாபாரம் இது.

சரி, நம் குட்டைக்கு வருவோம். வீச்சுவலையில் வந்ததை மொத்தமாக நிறுத்து எண்ணிக்கையால் வகுக்காதீர்கள். ஐம்பது இறாலையாவது ஒவ்வொன்றாக நிறுங்கள். நீலக்கால்கள் கண்ணில் படத் தொடங்கியதும் அவற்றை மட்டும் பிடித்து விற்றுவிடுங்கள். மிச்சம் இருப்பவை அதற்குப் பிறகுதான் எடை போடும்.