வரப்பில் தெறிக்கும் வெட்டுக்கிளியும் வாடிவாசலில் எம்பும் வீரரும்

அலங்காநல்லூர் வாடிவாசலில் காளையின் திமிலைப் பிடிக்க முழு வலுவுடன் எம்பும் இளைஞரும், சோழவந்தான் வயல் வரப்பிலிருந்து தெறிக்கும் வெட்டுக்கிளியும் தரையை விட்டுக் கிளம்பும் வேகம் ஏறத்தாழ ஒன்றுதான்: நொடிக்குச் சுமார் 3 மீட்டர். ஆய்வகங்களில் அதிகம் அளக்கப்பட்டது பாலைவன வெட்டுக்கிளியே எனினும், நம் வரப்புகளில் துள்ளுவனவற்றின் பின்னங்கால்களும் அதே அமைப்புக் கொண்டவைதான். எடையில் பல்லாயிரம் மடங்கு வேறுபடும் இவ்விரு உடல்களும் அந்த வேகத்தைப் பெறும் வழிதான் வேறு.

முழங்காலை மடக்கி நிமிரும்போது இளைஞரின் உடல், பாதம் தரையிலிருக்கும் வரை, சுமார் 40 சென்டிமீட்டர் உயர்கிறது. அதற்குள் வேகமெடுக்க அவருக்குக் கால் நொடிக்கு மேல் கிடைக்கிறது. தொடைத் தசைகளுக்கு அது போதும். வெட்டுக்கிளியின் கால் நீளும் தூரமோ 4 சென்டிமீட்டர் அளவே என்பதால், அதே வேகத்தை அது நொடியின் நூறில் மூன்று பங்குக்குள் எட்டியாக வேண்டும். தசை எவ்வளவு விரைவாகச் சுருங்குகிறதோ அவ்வளவுக்கு அதன் இழுவிசை குறையும். ஆகவே இந்த அவசரத்துக்குத் தேவையான ஆற்றலை வெட்டுக்கிளியின் தசை நேரடியாகத் தர இயலாது.

எனவே அது வேலையை முன்கூட்டியே முடித்து வைக்கிறது. பின்னங்காலை முழுவதும் மடித்தபின், காலை நீட்டும் பெரிய தசையும் மடக்கும் சிறிய தசையும் ஒரே நேரத்தில் இறுகுகின்றன. மூட்டின் வடிவமைப்பு சிறிய தசைக்குச் சாதகமாக இருப்பதால் கால் அசைவதில்லை. மாறாக, முழங்காலின் இருபுறமும் உள்ள பிறை வடிவ ஓடுகள் வில்லாக வளைகின்றன. ஏறக்குறைய அரை நொடி இப்படி ஆற்றல் சேர்ந்தபின் மடக்கும் தசை தளர்கிறது. ஓடுகள் நிமிர, கால் உதைக்கிறது. கேரம் விளையாடுவோர் விரலைக் கட்டைவிரலால் தடுத்து வைத்துச் சுண்டுவதும் இதே உத்திதான்.

தெள்ளுப்பூச்சி இதில் இன்னும் தீவிரம். அதன் உந்தல் ஏறத்தாழ 1 மில்லிநொடியில் முடிந்துவிடுகிறது. ரெசிலின் என்னும் ரப்பர் போன்ற புரதம் அதற்கு உதவுவதை பென்னட்-கிளார்க், லூசி என்ற இரு ஆய்வாளர்கள் 1967இல் விளக்கினர்.

மனிதக் குதிகாலின் தசைநாணும் சிறிது ஆற்றலைச் சேமிப்பதால், இரு வகைகளுக்கும் இடையே கூர்மையான எல்லைக்கோடு இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். நம்மிடம் இல்லாதது, சேர்ந்த ஆற்றலைப் பிடித்து வைத்துச் சட்டென விடுவிக்கும் அந்தத் தாழ்ப்பாள்தான். அது இல்லாததில் ஓர் ஆதாயமும் உண்டு: காளை விலகினால் இளைஞர் உந்தலின் நடுவிலும் ஓரளவு திசை திருத்தலாம். வெட்டுக்கிளிக்கு அந்த அவகாசம் இல்லை. உடலை எப்பக்கம் திருப்பி, பின்னங்காலை எக்கோணத்தில் வைப்பது என்பதை உதைக்கும் முன்பே அது தீர்மானித்தாக வேண்டும்.