நாஸ்ட்ரிஃபிகேஷன்: வெளிநாட்டு டிகிரி எப்போ "நம்ம" டிகிரி ஆகுது?

என் சித்தி பொண்ணு 2023ல இங்கிலாந்துல எம்.எஸ்சி முடிச்சிட்டு ஊருக்கு வந்தா. வந்த சூட்டோட ஒரு காலேஜ்ல லெக்சரர் வேலைக்கு அப்ளை பண்ணிட்டு, ஒரிஜினல் எல்லாத்தையும் ஒரு பிளாஸ்டிக் ஃபைல்ல போட்டுட்டு நேர்ல போனா. டிகிரியோட, கையெழுத்தும் முத்திரையும் அசல்னு சொல்ற ஒரு அப்போஸ்டில் பேப்பரும் ஒட்டி, முத்திரை எல்லாம் குத்தி ஜம்முனு இருந்துச்சு. ஆபீஸ்ல இருந்த கிளார்க் அதைத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, "எல்லாம் சரிம்மா, இணைத்தன்மை எங்க?"ன்னு கேட்டிருக்காரு. இவளுக்கு அந்த வார்த்தையே புரியல, வெளிய வந்து எனக்கு போன் போட்டு "அண்ணா, இணைத்தன்மைன்னா என்னண்ணா, அதான் அப்போஸ்டில் வெச்சிருக்கேனே"ங்கறா.

அவ மட்டும் இல்ல, பாதி பேருக்கு இங்கதான் குழப்பம். அப்போஸ்டில், ரெகக்னிஷன், ஈக்விவலன்ஸ் எல்லாத்தையும் ஒண்ணுன்னு நெனச்சு ஒண்ணுக்குப் பதிலா இன்னொண்ணை வாங்கிட்டு வந்து நிக்கறாங்க. போலந்து, செக், உக்ரைன் பக்கம் படிச்சவங்க கூடவே நாஸ்ட்ரிஃபிகேஷன்னு இன்னொரு வார்த்தையையும் தூக்கிட்டு வருவாங்க. பாக்க மிரட்டுற மாதிரி இருக்கும், ஆனா இந்தக் கூட்டத்துலயே சூது வாது இல்லாத வார்த்தை அதுதான், அதனால அதுலேர்ந்தே ஆரம்பிக்கறேன்.

லத்தீன்ல நோஸ்டர்னா "நம்முடைய". சர்ச்சுல பழைய லத்தீன் ஜெபம் கேட்டவங்களுக்கு "பாட்டர் நோஸ்டர்" தெரிஞ்சிருக்கும், எங்கள் தந்தையேன்னு வருமே, அதே நோஸ்டர்தான். ஃபாசெரேன்னா செய்றது, ஆக்குறது. ரெண்டையும் சேத்தா "நம்மளோடதா ஆக்கிக்கறது". வேற நாட்டு யூனிவர்சிட்டி குடுத்த டிகிரியை எடுத்து, இது இனிமே எங்க நாட்டுல குடுத்த மாதிரியேன்னு அறிவிக்கற நடைமுறைக்குத்தான் இந்தப் பேரு. ஆஸ்திரியாவுல இன்னிக்கும் யூனிவர்சிட்டி சட்டத்துலயே இந்த வார்த்தை இருக்கு, போலந்துல நாஸ்ட்ரிஃபிகாட்ஸ்யாம்பாங்க.

இதுல ஒரு தமாஷும் உண்டு. ஜெர்மனில கோட்டிங்கன் யூனிவர்சிட்டி, ஹில்பர்ட்ங்கற கணித மேதை காலத்துல கணக்குக்கு உலகத் தலைநகரம் மாதிரி இருந்த இடம். அங்க ஒருத்தர் வெளியூர்க்காரர் யோசனையைக் கேட்டுட்டு, கொஞ்ச நாள்ல அதை தன் யோசனை மாதிரியே பேச ஆரம்பிச்சா, அதுக்கு அவங்களுக்குள்ள கிண்டலா வெச்சிருந்த பேரும் நாஸ்ட்ரிஃபிகேஷன்தான். டிகிரிக்கு மரியாதை, ஐடியாவுக்கு லவட்டல்!

சரி, தமிழ்ல என்ன சொல்லலாம்? இங்க ஒரு சிக்கல் வருது பாருங்க. லத்தீன் நோஸ்டருக்கு ஒரே அர்த்தம்தான், நமக்கு அப்படி இல்ல, "நம்ம"ன்னா கேக்கறவனும் உள்ள, "எங்க"ன்னா கேக்கறவன் வெளிய. அப்போ நமதாக்கலா, எமதாக்கலா? நமதாக்கல்னு சொன்னா டிகிரியோட நிக்கற அந்தப் பொண்ணும் அந்த "நம்ம"ல சேந்துடுவா. எமதாக்கல்னு சொன்னா கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம் உக்காந்திருக்கறவங்க மட்டும்தான். நடைமுறையில நடக்கறது ரெண்டாவதுதான்னு கொஞ்சம் கசப்பாவே சொல்லணும். சண்டையே வேணாம்னா தமதாக்கல்னு சொல்லிடலாம், எந்த நாடு பண்ணாலும் பொருந்தும். என் ஓட்டு இதுக்குத்தான்.

ஆனா நாம ஏற்கெனவே தினமும் பேசற ஒரு வார்த்தைக்குள்ளயே இந்தக் கருத்து ஒளிஞ்சிட்டு இருக்கு. அங்கீகாரம். இது வடமொழி, அங்கம்னா உறுப்பு, காரம்னா செய்தல், அதாவது ஒண்ணைத் தன்னோட அங்கமா ஆக்கிக்கறது. லத்தீன்காரன் நம்மளோடதா ஆக்குன்னான், சம்ஸ்கிருதக்காரன் உன் கை கால் மாதிரி ஆக்கிக்கோன்னான், ரெண்டு பேரும் ஒரே இடத்துல வந்து நிக்கறாங்க. அதனால நாஸ்ட்ரிஃபிகேஷன்னு யாராவது பயமுறுத்தினா அங்கீகாரம்தான்டான்னு தாராளமா சொல்லலாம். தனித்தமிழ்ல வேணும்னா ஏற்பு. ஏற்றுக்கொள்ளுங்கறதுல இருக்கற அதே ஏற்பு, சின்ன வார்த்தை, சுத்தமான வார்த்தை.

இப்போ கிளார்க் கேட்ட இணைத்தன்மை, அதாவது ஈக்விவலன்ஸ். இது வேற சமாச்சாரம். லத்தீன் ஏக்வுஸ்னா சமம், வலேரேன்னா மதிப்பு இருக்கறது. சம மதிப்பு, அவ்ளோதான். ஏற்புங்கறது "உன் யூனிவர்சிட்டி நெஜம், டிகிரி நெஜம், ஒத்துக்கறோம்". ஈக்விவலன்ஸ்ங்கறது "சரி, அது எங்க ஊர்ல எதுக்குச் சமம்? எம்.எஸ்சிக்கா, பி.ஜி டிப்ளமாவுக்கா, பி.எஸ்சிக்கா?" மொதல் கேள்விக்கு ஆமான்னு பதில் வந்தும் ரெண்டாவதுல மாட்டிக்கிட்டவங்க நெறைய பேர். இங்கிலாந்து எம்.எஸ்சி ஒரு வருஷம், நம்ம எம்.எஸ்சி ரெண்டு வருஷம்ங்கறதுதான் காலங்காலமா இருந்த தகராறு. 2022 ஜூலைல ரெண்டு நாடும் ஒருத்தர் டிகிரியை ஒருத்தர் ஏத்துக்கறதா ஒப்பந்தம் போட்டப்புறம்தான் அந்த ஒரு வருஷப் படிப்புக்கு வழி பொறந்துச்சு. அதுலயும் டாக்டர், இன்ஜினியர், ஆர்க்கிடெக்ட் மாதிரி தொழில் படிப்பு சேராது.

தமிழ்நாட்டு அரசாணையிலயும் டிஎன்பிஎஸ்சி பக்கமும் ஈக்விவலன்ஸுக்குப் புழங்கற வார்த்தை இணைத்தன்மை. இணைங்கறது ஜோடி, "இணையே இல்ல"ம்போம்ல அந்த இணை. நல்ல தேர்வுன்னுதான் சொல்லுவேன். சில பேர் நிகர்நிலைன்னு போடறாங்க, அது வேணாம், ஏன்னா டீம்டு யூனிவர்சிட்டிக்கு ஏற்கெனவே நிகர்நிலைப் பல்கலைக்கழகம்னு பேர் வெச்சாச்சு, நிகர்நிலைச் சான்றிதழ்னு சொன்னா எவனுக்கும் வெளங்காது. ஈடுன்னும் போட முடியாது, அடகு ஞாபகம்தான் வரும்.

இந்தச் சான்றிதழை ரொம்ப வருஷமா குடுத்துட்டு வந்தது டெல்லில இருக்கற இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம், ஏஐயூன்னு சொல்லுவாங்க, 1925ல ஆரம்பிச்சது. 2025 ஏப்ரல்ல யூஜிசி, அதாவது பல்கலைக்கழக மானியக் குழு, தனியா ஒரு விதிமுறை கொண்டு வந்துச்சு. அதோட தலைப்பையே பாருங்க, அங்கீகாரம்னு ஒரு வார்த்தை, ஈக்விவலன்ஸ் வழங்குதல்னு இன்னொரு வார்த்தை, ரெண்டையும் தனித்தனியாவே போட்டிருக்காங்க. நான் சொல்ற வித்தியாசம் என் கற்பனை இல்ல! அதுல ஆன்லைன்ல விண்ணப்பம் போடணும், நிபுணர் குழு பாக்கும், அந்த நாட்டுலயே அங்கீகாரம் இருக்கற யூனிவர்சிட்டியா இருக்கணும், ஃபிரான்சைஸ் கடை மாதிரி நடத்தற இடத்துல வாங்கின டிகிரி செல்லாது.

டாக்டர், வக்கீல், நர்சிங், ஃபார்மசி, ஆர்க்கிடெக்சர் எல்லாம் இந்த வாசல்லயே வராது, அவங்கவங்க கவுன்சிலுக்குத்தான் போகணும். வெளிநாட்டுல எம்பிபிஎஸ் முடிச்சவங்களுக்கு ஈக்விவலன்ஸ் பேப்பர்ங்கற பேச்சே இல்ல, எஃப்எம்ஜிஇன்னு ஒரு பரீட்சை, 300க்கு 150 எடுக்கணும், வருஷத்துக்கு ரெண்டு தடவை. இலங்கைலயும் இதே கதைதான், முன்னாடி ஆக்ட் 16ன்னு சொல்லிட்டிருந்த பரீட்சைக்கு இப்போ ஈஆர்பிஎம்னு பேரு. இதைத் தமதாக்கல்னு சொல்றதைவிட தகுதித் தேர்வுன்னு நேரா சொல்றதுதான் நியாயம்.

கடைசியா என் தங்கச்சியை ஏமாத்தின அப்போஸ்டில். பிரெஞ்சுல அப்போஸ்டில்னா ஓரத்துல எழுதற குறிப்பு, லத்தீன் "போஸ்ட் இல்லா", அதாவது "அந்த வார்த்தைகளுக்கு அப்புறம்"ங்கறதுலேர்ந்து வந்திருக்கலாம்பாங்க. 1961 ஹேக் உடன்படிக்கைல இதைக் கொண்டு வந்தாங்க, இந்தியாவுல 2005 ஜூலைலேர்ந்து அமல்ல இருக்கு. அது சொல்றது ஒண்ணே ஒண்ணுதான், இந்தப் பேப்பர்ல இருக்கற கையெழுத்தும் முத்திரையும் அசல்னு. படிப்பு நல்ல படிப்பா, இங்க செல்லுமான்னு அது வாயே திறக்காது. நம்ம கிட்ட சான்றொப்பம்னு ஒரு அருமையான வார்த்தை இருக்கு, பச்சை இங்க்ல கெசட்டட் ஆபீசர் போடுவாரே அது. அதோட வெளிநாட்டு அண்ணன்தான் அப்போஸ்டில், பன்னாட்டுச் சான்றொப்பம்னு சொன்னா போதும்.

தங்கச்சி ஏஐயூவுக்கு அப்ளை பண்ணி, ஒரு வழியா இணைத்தன்மைச் சான்றிதழ் வாங்கிட்டு மறுபடி அதே ஆபீசுக்குப் போனா, நானும் கூடப் போனேன். கிளார்க் அதை வாங்கி ஃபைல்ல மொத பக்கமா வெச்சாரு, அப்போஸ்டில் ஒட்டின பேப்பர் கடைசிக்குப் போயிடுச்சு. அப்புறம் பென்சிலை எடுத்து டிகிரி ஜெராக்ஸ் ஓரத்துல "இ.த. பார்த்தேன்"னு எழுதி சின்னதா ஒரு இனிஷியல் போட்டாரு. நெஜமான அப்போஸ்டில் அதுதான்னு நான் தங்கச்சி காதுல சொன்னேன், அவ "சும்மா இருண்ணா"ன்னு முழங்கையால இடிச்சா.